மூன்று விரல் உயரம்

எட்டு மாதமாக ஜீப் பின்பக்கம் குந்தியே நிற்கிறது.
தொண்ணூற்றெட்டாம் வருஷத்து வண்டி.
ஸ்பிரிங் பட்டைகள் முதலில் வளைவை மறந்தன,
அப்புறம் எதிர்ப்பக்கமாக வளையக் கற்றுக்கொண்டன.

எல்கோவுக்குத் தெற்கே தார் தீர்கிற இடத்தில்
ஒரு கம்பிக் கதவு.
அதற்கப்பால் இருப்பதைப் பாதை என்று சொல்வது
ஒரு மரியாதைக்கு.
நடுவில் கிடக்கிறது அந்தப் பாறை.
போகும்போதெல்லாம் வண்டியின் அடிவயிற்றைத்
தட்டிப் பார்க்கும்,
தர்பூசணி வாங்க வந்தவள் மாதிரி.

மோட்டலில் படுக்கைவிரிப்பு துவைத்த காசு
காபி டப்பாவில்: நானூற்றுப் பதினைந்து டாலர்.
சமையல் மேஜையில் விலைச்சீட்டுகள்,
உப்பு ஜாடியை மேலே வைத்திருக்கிறேன்
பறக்காமலிருக்க.

வெறும் வளையம் செருகி உயர்த்துவதுதான் மலிவு.
களைத்துப்போனவனை ஸ்டூல்மேல் நிறுத்தி
வளர்ந்துவிட்டான் பார் என்கிற வித்தை.

நாலரை அங்குலம், படத்தில் கம்பீரம்.
வாங்கினால் பிரேக் ஹோஸ் எட்டாது.
ஹோஸை மாற்றினால் ஸ்டீயரிங் கோணும்.
கோணலை நிமிர்த்த ஒரு தண்டு,
தண்டைப் பிடிக்க ஒரு தாங்கி.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

"ஏத்துறது ஒரு நாள் வேலை,
ஏத்தினது ஆடாம இருக்கணும், அதுக்குத்தான் செலவு"
என்றான் ராய்ஸ்.
சொல்ல வேண்டியவன்தான்.
ஆறு அங்குலம் உயர்த்திய அவன் வண்டி
ஏப்ரலிலிருந்து மரக்கட்டைகள்மேல் நிற்கிறது.

மிச்சம் மூன்று அங்குல கிட்.
முன்னால் புதுச் சுருள், பின்னால் கூடுதல் பட்டை,
நான்கு ஷாக் அப்சார்பர்.
அனுப்பும் கூலியோடு நானூற்று இருபத்தொன்பது.
பதினான்கு டாலர்தானே, அடுத்த வெள்ளிக்கிழமை
டப்பாவுக்கு வந்துவிடும் என்று
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சரளையில் மல்லாந்து அளந்தேன்.
அச்சிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை
இடது பக்கம் அரை அங்குலம் தாழ்வு.
அது நான்.
இத்தனை வருஷம் நானேதான் ஓட்டியிருக்கிறேன்.

பென்யாத் வெளியே வந்தான்.
சுரங்கம் அவன் முழங்காலுக்கு ஒரு எல்லை போட்டிருக்கிறது,
அதுவரை மடங்கும், அதற்குமேல் கதவு சாத்தியதுபோல.
ஒன்றும் கேட்கவில்லை.
வலப்பக்கக் கதவைத் திறந்து
காலைத் தூக்கி வாசற்படியில் வைத்தான்,
எடுத்தான், மறுபடி வைத்தான்.

பாறையை அளந்தேன், பணத்தை அளந்தேன்.
அந்தக் காலை அளக்கவில்லை.

கொட்டகையிலிருந்து பலகைகள் கொண்டுவந்தேன்.
சக்கரங்களுக்கடியில் ஒரு அங்குலம்:
ஏறி உட்கார்ந்தான்.
இரண்டு: கூரையைப் பிடித்து, மூச்சைப் பிடித்து,
உட்கார்ந்தான்.
மூன்று:
கால் அந்தரத்தில் நின்றது.
"மத்தக் காலை முதல்ல வெச்சா வரும்" என்றான்.
வராது. இரண்டு பேருக்கும் தெரியும்.
மேல் பலகையை உருவிப் போட்டேன்.

இரண்டு அங்குலம். என் விரலில் மூன்று.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்றால் ராய்ஸ் சிரிப்பான்,
சிரிக்கட்டும்.
இருநூற்று எழுபதுக்குச் சுருளும் பட்டையும்,
இருபத்திரண்டுக்குக் கதவோரம் ஒரு கைப்பிடி.
பாக்கியை டப்பாவிலேயே போட்டேன்,
டயர் பாதி தேய்ந்திருக்கிறது.

முதல் ஞாயிறு.
சேஜ் புதர்களில் இன்னும் பனி.
பாறைக்கு முன்னால் நிறுத்தினேன்.
இரண்டு அங்குலம் போதாது என்று
கண்ணுக்கே தெரிந்தது.
பென்யாத் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பாகத் தொங்கி
புதுக் கைப்பிடி கிறீச்சிட,
"இடது" என்றான். "இன்னும். இன்னும் ஒரு கை.
இப்ப நேரா, மெதுவா."

ஒரே ஒரு தட்டு, கடைசியில்.

பாதை முடிவில் ஒரு குளம்.
அவனுக்கு அங்கே மீன் படாது.
பட்டாலும் விட்டுவிடுவான்.